தலையில்லாத தோட்டா

பாலக்கரை, திருச்சி
5.1.2025

அன்புள்ள மன்சூர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் மஸ்கட் திரும்பும் பாசில் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனைப் போலக் கடிதத்தைத் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

நான் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. கல்லூரி என்.சி.சி. முகாமில் ஐந்து குண்டு சுட்ட நாளிலிருந்தே இருந்த ஆசை. இப்போது கிளப்பின் ரிவால்வரில் பழகுகிறேன். அதற்குப் புதிதாக ஒரு வகைத் தோட்டா வந்திருக்கிறது. குண்டின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. முழுக் குண்டும் பித்தளைக் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். முதல் நாள் காலிக் கூடு என்று நினைத்து நானே திருப்பிக் கொடுத்தேன். பௌதிக டீச்சர்!

காஜா மைதீன் மாமாவிடம் சொன்னேன். "தலையில்லாத தோட்டாவா? யாரோ உன் தலையில கட்டிட்டாங்க" என்றார். வஹீதா அண்ணி பேச்சையே மாற்றிவிடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அழைத்துப்போய்க் காட்ட நினைக்கிறேன். அண்ணி உங்கள் மனைவி. உங்களிடம் சொல்லாமல் அழைத்துப்போவது சரியில்லை என்றுதான் எழுதுகிறேன்.

துஆ செய்யுங்கள்.
தங்கை
இர்பானா


மஸ்கட்
24.1.2025

இர்பானா,

வ அலைக்கும் சலாம். கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

மாமா பெரியவர், அவர் இஷ்டம். வஹீதாவை அழைத்துப்போகாதே. நீ கெட்ட காரியம் செய்கிறாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் மாதிரிப் பெயர் உள்ளவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் ஊர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாது. உனக்கு அது புரியாது. புரிய வேண்டாம் என்பதுதான் என் ஆசையும்.

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து. அதுவே போதும்.

மன்சூர்


பாலக்கரை, திருச்சி
10.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை அண்ணியிடம் காட்டிவிட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். நேற்றுக் காலை மாமாவுக்காக ஆட்டோ வந்து நின்றபோது, புர்கா போட்டுக்கொண்டு வந்து முதலில் ஏறியவர் அவர்தான். "போன்ல சொன்னா அவரு என்னைப் பேச விடமாட்டாரு. நீயே எழுதிடு" என்றார். எழுதுகிறேன்.

ரேஞ்சில் எங்களுக்குப் பொறுப்பு ஸ்ரீரங்கத்துக்காரர் சிவசங்கர் சார். இருவரையும் சுடுபவர் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து, காதுமூடி கொடுத்தார். மேசையில் இரண்டு தோட்டாக்களை நிறுத்தினார். ஒன்று வழக்கமான, மூக்கு உருண்டையாக இருப்பது. மற்றது நான் சொன்னது.

மாமா சும்மா இருப்பாரா? நகைப் பட்டறையில் கல் பார்க்கிற லென்ஸைச் சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். தோட்டாவை உள்ளங்கையில் வைத்து, வைரக்கல்லில் கீறல் தேடுகிற மாதிரி ஐந்து நிமிடம் பார்த்தார்.

"உள்ள சாம்பல் நிறத்துல தட்டையா ஒரு மூடி இருக்கு."

"அதுதான் சார் குண்டு. ஈயம்" என்றார் சிவசங்கர் சார்.

"மொட்டையான குண்டு எப்படிங்க நேராப் போகும்? காகிதத்துல பட்டுக் கீழ விழுந்துடும், பாருங்க."

முதலில் உருண்டை மூக்கு ஐந்து சுட்டேன். அடுத்து மொட்டை ஐந்து. அண்ணி பின்னால் இருக்கிறார் என்ற நினைப்பில் முதல் குண்டே ஓரத்துக்குப் போய்விட்டது. மற்ற ஒன்பதும் பரவாயில்லை.

டார்கெட் தாள்களைக் கழற்றிக்கொண்டு வந்ததும் மாமா லென்ஸோடு குனிந்தார். ஆனால் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் அண்ணி. காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தத் தாள்ல ஓரமெல்லாம் பிசிறு, இது கிழிஞ்ச ஓட்டை. மொட்டை சுட்டதுல பாருங்க, சுத்தமா வட்டமா இருக்கு. துணியில நாடா கோக்க ஓட்டை போடுற ஐலெட் மெஷின்ல குத்துன மாதிரி."

சிவசங்கர் சாருக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, இதுக்காகத்தான் இந்தத் தோட்டாவே. ஓட்டை தாள்ல இருக்கிற வட்டக் கோட்டைத் தொட்டுதா இல்லையான்னு சண்டை வராம மார்க் போடணும். காகிதத்தைச் சுடறதுக்குன்னே செஞ்சது. வெடிமருந்துகூடக் கம்மிதான்."

மாமா தான் தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை. "இதைச் செஞ்சவன் நம்ம பட்டறை ஆளா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அண்ணி என்னிடம் மெல்லக் கேட்டார், "சுடும்போது யாரை நினைச்சுக்கிட்டு சுடுவே?"

"யாரையும் நினைக்க மாட்டேன் அண்ணி. நினைச்சா கை ஆடிடும். முதல் குண்டு உங்களை நினைச்சதுதான், எங்க போச்சுன்னு பார்த்தீங்கள்ல."

சிரித்துவிட்டார். திரும்பும்போது ஆட்டோவில், பாலக்கரை ரவுண்டானா தாண்டியதும் சொன்னார், "அவரு பயப்படறது துப்பாக்கிக்கு இல்ல இர்பானா. வேற என்னமோ இருக்கு. எனக்கும் சொல்ல மாட்டேங்கிறாரு."

என்ன அண்ணே அது?

தங்கை
இர்பானா


மஸ்கட்
3.3.2025

அன்புள்ள தங்கை இர்பானாவுக்கு,

வ அலைக்கும் சலாம். இங்கே நோன்பு தொடங்கிவிட்டது. உன் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதி மூன்றையும் கிழித்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது ஃப்ளைட் லேட் என்று வீட்டில் சொன்னேன் அல்லவா? லேட் இல்லை. வழியில் ஒரு விமான நிலையத்தில் என்னைத் தனியே ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். அவர்கள் தேடிக்கொண்டிருந்த யாரோ ஒருவனுடைய பெயரும் என் பெயரும் ஒன்றாக இருந்ததாம். ஆறு மணி நேரம். வஹீதாவுக்கு வாங்கியிருந்த தையல் மெஷின் மோட்டாரைத் திருகு திருகாகக் கழற்றி, இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டார்கள். கடைசியில் நான் அவன் இல்லை என்று தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நானும் குடித்தேன். குடித்ததைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

நீ கிளப்பில் சேர்ந்தாய் என்றதும் அந்த நாற்காலியில் உன்னை உட்காரவைத்துப் பார்த்தேன். பயந்தவன் நான். அதற்கு உன்னிடம் கோபப்பட்டேன். வஹீதாவிடம் நேற்றுப் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு, அந்த மோட்டார் இன்னும் நன்றாக ஓடுகிறது என்றாள்.

இன்னொன்று. போன வாரம் எங்கள் கம்பெனியின் பாதுகாப்புக் கூட்டத்தில் நான் பேச வேண்டிய முறை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் காலி என்று நினைக்கக் கூடாது என்பதற்கு உன் தோட்டாவைத்தான் சொன்னேன். இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டான். "என் தங்கை ரிவால்வர் சுடுகிறாள்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், நான் குரலைத் தாழ்த்தவில்லை.

இப்போது என் கேள்விகள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாயா? ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு, அதன் வழியே ஈயத் துகள் தெறிக்கும் என்று படித்தேன். உண்மையா? நீ வீட்டில் போடும் அதே கண்ணாடியோடுதான் சுடுகிறாயா?

பெருநாளுக்கு வருகிறேன். ரேஞ்சுக்கும் வருகிறேன், மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். இங்கே பவரோடு சேர்த்தே பாதுகாப்புக் கண்ணாடி செய்து தருகிறார்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் எவ்வளவு என்று உடனே எழுது.

அண்ணன்
மன்சூர்