மூன்று நாள் தேன்

மார்ச் 3
தையல் கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாள். மூன்று மாதப் பிள்ளையின் துணி துவைப்பது நான். தம்பி பெண்டாட்டி, மேடம், பால் கொடுப்பாள். கொடுத்த நேரத்தை ஃபோனில் குறிப்பாள். அதுதான் உத்தியோகம். ஆறு மாசம் வரை சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாதாம். நான் வளர்த்த இரண்டும் மண்ணைத் தின்றா வளர்ந்தன?

மார்ச் 6
பிள்ளை வெளிக்குப் போய் மூன்று நாள். தாய்ப்பால் குடித்தால் அப்படித்தானாம், ஃபோன் சொல்லிவிட்டது. அவள் குளிக்கப் போனதும் நாக்கில் தேன் தடவினேன். சப்புக்கொட்டினான். பெரிய படிப்பு!

மார்ச் 8
இன்றும் தடவினேன். மூன்றாம் நாள். யாருக்கும் தெரியாது.

மார்ச் 19
குடிக்க மாட்டேன் என்கிறான். அழுகை பூனைக்குட்டி முனகல் மாதிரி. உனக்குப் பால் வற்றிப்போச்சு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அழுதாள். அதற்கு மட்டும் குறைச்சலில்லை.

மார்ச் 21, காலை
ஆஸ்பத்திரி. இமையைத் தூக்க முடியல அவனுக்கு. நின்ற கழுத்து தொங்குது. தேன் ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டாள். பாலைத் தவிர எதுவுமில்லை என்றாள் இவள். நல்லா யோசிச்சுச் சொல்லு என்று தம்பி அவளை அதட்டினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கல. ஏன் திறக்கல?

மதியம்
சொல்லிட்டேன். "நான்தான் கொடுத்தேன். மூணு நாள்."
டாக்டர் திட்டவில்லை. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாமாம். நம் குடலில் அது முளைக்காது. பச்சைப்பிள்ளைக் குடல் இன்னும் பழகாதது. அங்கே முளைத்து விஷம் கக்கி, உடம்பையே தளர்த்திவிடுமாம். மருந்து வெளியூரிலிருந்து வரணும்.
இவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டாள்: "பால் கொடுக்கலாமா?"
"கட்டாயம். எடுத்துக் குடுங்க, குழாய்ல விடுவோம்."

மார்ச் 24
மருந்து ஏறியாச்சு. மூச்சுக்கு மெஷின் வேண்டியிருக்கவில்லை. இரண்டு மணிக்கொருதரம் பால் எடுக்கிறாள். வற்றிப்போச்சு என்று சொன்ன வாய் இது. எல்லாம் தெரிந்தவளாம் நான். தூ.

ஏப்ரல் 17
வீட்டுக்கு வந்து நான்கு நாள். "அண்ணி, எப்போ கிளம்பறீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. நாளைக்கு என்றேன். சரி என்று பிள்ளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் பால் உறிஞ்சும் சத்தம் கூடம் வரை கேட்டது. நின்று கேட்டேன்.