பதினொரு நிறத்துக் கடல்

மார்ச் 4, திங்கள். பெர்கன்

மழை. என்னோடு வேலை செய்யும் ஸ்டெய்னார் பதினொரு நிறத்தில் முடித்துவிட்டானாம். என் நிரலுக்குப் பதினான்கு வேண்டும். கட்டம் கட்டமாகப் பிரித்த கடலில் ஒன்றையொன்று பாதிக்காத மாறிகளுக்கெல்லாம் ஒரே நிறம்; எத்தனை நிறமோ அத்தனை தடவை கணினியில் கடல் மாதிரியை ஓட்ட வேண்டும். குறைந்தால் நேரம் மிச்சம். குழுத் தலைவி குட்ருன் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஆறு வருஷமா இதையே கட்டிக்கிட்டு அழுறியே ரன்வெய்க், உனக்கு ஏன் இது தோணல?" சிரித்து வைத்தேன். நிரந்தர வேலை ஒன்றுதான் இருக்கிறது. கேட்டிருப்பது அவனும் நானும்.

மார்ச் 6

பதினொன்று எப்படி? எப்படி?

மார்ச் 7

பிடித்துவிட்டேன். ஒரே சமன்பாட்டில் சேர்ந்து வரும் இரண்டு மாறிகளுக்கு ஒரே நிறம் கொடுக்கக் கூடாது. எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எது எதோடு சேர்கிறது என்பதை அவன் அசையாத கடலை வைத்துப் பார்த்திருக்கிறான்! நீரோட்டம் பூஜ்யமாக இருந்தால் ஒரு கட்டத்தின் உப்பு பக்கத்துக் கட்டத்தைத் தொடாததுபோலத்தான் தெரியும். உடனே இரண்டுக்கும் ஒரே நிறம். மலைகளுக்கிடையே நுழையும் கடல், ஃபியோர்டில் தண்ணீர் என்றைக்கு நின்றது? முட்டாள்.

ஓடும் நீரை வைத்து ஒரு சோதனை எழுதிச் சேர்த்தேன். அவன் நிரல் தேறவில்லை. எல்லாச் சோதனையும் தேறினால் பச்சை காட்டும் சுவர்த் திரை சிவப்பானது.

மார்ச் 8, வெள்ளி

திரையை யார் சிவப்பாக்குகிறாரோ அவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். இது எங்கள் வழக்கம். சிவப்பாக்கியது என் சோதனை, அதனால் கேக் என்னுடையதாம்!

"சாக்லேட் கேக்கா கொண்டு வா, ரன்வெய்க்," என்றான் ஸ்டெய்னார்.

"தப்பு உன்னோடது."

"நேத்து வரைக்கும் பச்சையாத்தானே இருந்துச்சு? கிளறி விட்டது யாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். குட்ருன் என்னைத் தனியே கூப்பிட்டாள். "செவ்வாய்க்கிழமை சால்மன் மீன் பண்ணைக்காரங்க நம்ம நிரலப் பாக்க வர்றாங்க. அந்தச் சோதனைய எடுத்துடு. வேலை விஷயமும் இருக்கு, யோசிச்சுக்கோ."

எடுத்துவிட்டேன். என் கையாலேயே. அந்த வேலைக்காகத்தான் — வேறு எதற்கு?

ஏப்ரல் 19

வேலை ஸ்டெய்னாருக்கு.

மே 31, வெள்ளி

என் தற்காலிக ஒப்பந்தம் முடிந்தது. விட்டுப்போகிறவரும் கேக் கொண்டுவர வேண்டும், அதுவும் வழக்கம். பாதாம் கேக் செய்தேன். ஸ்டெய்னார் இரண்டு துண்டு தின்றான். "உன் கைப்பக்குவத்துக்கு ஈடே இல்ல," என்றான். நிரலைப் பற்றி ஒருநாளாவது இப்படிச் சொல்லியிருப்பானா?

ஜூன் 12

ஸ்டெய்னார் போன் செய்தான். பண்ணைகளுக்குச் சொன்ன உப்பளவு தாறுமாறாகப் போகிறதாம், அதை நம்பி மீன் கூண்டுகளைத் தப்பான இடத்துக்கு இழுத்துவிட்டார்களாம்.

"அந்தச் சோதனை உங்கிட்ட இருக்கா, ரன்வெய்க்?" என்ன பணிவு!

"இருக்கு. கேக் எங்க?"

அவன் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டேன். மீன் என்ன பாவம் செய்தது? சாயங்காலம் அனுப்பிவைத்தேன், பழைய பதினான்கு நிற நிரலையும் சேர்த்து.

ஜூன் 21, வெள்ளி

குழுவின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு: 'ஓடும் நீருக்கும் பொருந்தும் புதிய நிரல். ஆக்கம்: ஸ்டெய்னார்.' கீழே ஒரு படம். மேசையைச் சுற்றி எல்லாரும், நடுவில் சாக்லேட் கேக், அதன்மேல் நிறத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்திகள்.

எண்ணினேன். பதினான்கு.