சின்னமில்லாத ஹெல்மெட்டுகள்

டெஸ்ஸாவின் அப்பாவுக்கு,

நேற்று அவளோடு யங்ஸ்டவுன் சந்தைக்குப் போனேன். பழைய அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் பட அட்டைகளில் ஏதாவது ஒரு வருடத்து செட்டை முழுசாகச் சேர்க்க வேண்டுமாம். ஐம்பதுகளின் அட்டைகளைத் தொட்டுப் பார்க்கக்கூட என் சம்பளம் போதாது.

கடைக்காரர் ஹ்ராபக் சிரித்தார். "உன் பர்சுக்கு எழுபதுகள்தாம்மா சரி. அப்ப அட்டை கம்பெனிக்கு டீம் சின்னம் போட அனுமதி கிடைக்கல. ஹெல்மெட்ல இருந்ததை அழிச்சுட்டுத்தான் அச்சடிச்சாங்க. அதனால யாரும் சீண்டமாட்டாங்க."

ஜன்னலோரம், மழைநாள் வெளிச்சத்தில் பார்த்தோம். அட்டைகளில் இருந்த வீரர்கள் வெறும் ஹெல்மெட்டோடு, நீல வானத்தின் கீழ், எந்த ஊருக்காக ஆடுகிறோம் என்பதையே மறந்து கனவில் நிற்பவர்கள் போல இருந்தார்கள். எனக்கும் அவர்களோடு போய் நின்றுகொள்ளலாம் போலிருந்தது.

"இதையே எடுக்கலாம்மா," என்றாள் டெஸ்ஸா. "இவங்க கிளீவ்லண்ட் டீமா பிட்ஸ்பர்க் டீமான்னு நீயும் அப்பாவும் அடிச்சுக்க முடியாதுல்ல."

ஒரு கட்டு வாங்கினேன். வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப்போக வரும்போது தெருவில் நின்று ஹார்ன் அடிக்காதே. கதவு திறந்திருக்கும். அட்டைகளை ஆல்பத்தில் அடுக்க இரண்டு பேர் போதாது என்கிறாள்.

அவளுடைய அம்மா