கொட்டாம்பட்டி சாலையில் இரண்டு பேர்

1939 பிப்ரவரி 3, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்தால் வாசலில் வேங்கை கம்பெனியின் கார் நிற்கிறது. டிரைவர் முத்திருளன், "அம்மா உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாகம்மா" என்றான். அம்மா என்றால் என் அக்கா பாகீரதி.

கூப்பிட்டது அக்கா இல்லை, அவள் புருஷன், எங்கள் அத்திம்பேர் கைலாசநாதன். சித்திரையில் கம்பெனிக்குப் பத்து வயது முடிகிறதாம். திருமங்கலம் ரோட்டில் ஃபாக்டரி மைதானத்திலே பெரிய பந்தல், ஒரு ஜமீன்தார் தலைமை. 'வேங்கை மோட்டார் சைக்கிள் பிறந்த கதை'யை மேடையில் நான் வாசிக்க வேண்டுமாம்.

"உன் குரல் கணீர்னு இருக்கும் ஸ்யாமு. வேற யாராவது வாசிச்சா கதை எடுபடாது" என்றார்.

கதை. அவரே அப்படித்தான் சொல்கிறார்.

அச்சடித்த தாளைத் தந்தார். நூல் வியாபாரியான ஸ்ரீ கைலாசநாதன், துரை ஒருவரின் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுபோனதைப் பார்த்தாராம். இதை மதுரையிலேயே செய்தால் என்ன என்று தோன்றியதாம். தன்னந்தனியாக உழைத்தாராம். முதல் வண்டியை 'ஒரு வேலையாள்' திருட்டுத்தனமாக எடுத்துப்போய்க் கொட்டாம்பட்டிப் பக்கம் நொறுக்கிவிட்டானாம். அப்படியும் மனம் தளரவில்லையாம்.

வேலையாள்!

அது என் அண்ணா ஹாலாஸ்யம். இந்தத் தாளில் அவனுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

அக்கா காப்பி கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

எனக்குத் தெரிந்ததை எனக்கே எழுதி வைக்கிறேன்.

அந்த என்ஜின் பிறந்தது இந்த வீட்டுக் கொல்லைக் கொட்டகையில். அண்ணா திருச்சி ரயில்வே பட்டறையில் வேலை கற்று வந்தவன். பெட்ரோல் வாடையோடு சாப்பிட உட்கார்ந்து அப்பாவிடம் திட்டு வாங்குவான். என்ஜின் முதல் தடவை பேசியபோது நான் பக்கத்தில் நின்றேன். பக்கத்து வீட்டு மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. அண்ணா என்னைத் தூக்கிச் சுற்றினான். அத்திம்பேர் பணம் போட்டார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் அவர் ஒரு ஸ்பானரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

1929 மாசியில் ஒரு நாள் அண்ணாவைப் பிணமாக மேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவரும் அத்திம்பேர்தான். "என்கிட்டே சொல்லாம வண்டியை எடுத்துண்டு போயிருக்கான். திருடித்தான்னு சொல்லணும்" என்றார். கூடத்தில் அத்தனை பேருக்கும் நடுவில். அப்பா அதற்குப் பிறகு தெருவில் இறங்கவே இல்லை, வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டார். எனக்கு நிச்சயமாகியிருந்த இடத்தில் திருடன் தங்கை வேண்டாம் என்று தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது.

அண்ணா திருடினானா? தன் கையால் செய்த வண்டியை ஒருவன் திருட முடியுமா?

அவன் விழுந்த இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. வெட்கம். யாருக்காக வெட்கம்?

பிப்ரவரி 12, ஞாயிறு

மெதுவாக எழுதுகிறேன்.

காலையில் திருச்சி போகும் பஸ்ஸில் ஏறிக் கொட்டாம்பட்டியில் இறங்கினேன். ரோட்டோரக் கடலைக் காட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அழகுமலை, ஒச்சம்மாள். மோட்டார் சைக்கிள் விழுந்த இடம் தெரியுமா என்று கேட்டேன். அந்த அம்மாள் கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள்.

"அந்தத் தம்பிக்கு நீங்க என்னம்மா வேணும்?"

"தங்கை."

"பத்து வருசமா யாராவது வருவாகன்னு பாத்தேன். ஒருத்தரும் வரலையே" என்றாள்.

புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"ரெண்டு பேரு வந்தாகம்மா. முன் சக்கரம் மடங்கிக் குப்புற விழுந்துச்சு. ஓட்டுன தம்பி வண்டிக்கு அடியில. பின்னால இருந்தவரு மணல்ல உருண்டு எந்திரிச்சுட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலை. நாங்க ஓடியாந்து வண்டியத் தூக்குனோம். தம்பி வவுத்துல அம்புட்டு ரத்தம். அவரு கிட்டக்கூட வரலை. பஸ்ஸு வந்துச்சு, கையக் காட்டி ஏறிட்டாரு. மதுரை போயிக் காரு அனுப்புறேன்னு சொன்னாரு."

"கார் வந்ததா?"

"பொழுது சாயுற வரைக்கும் வரலைம்மா. அப்புறம் நாங்கதேன் மாட்டுவண்டியில போட்டு மேலூருக்குக் கொண்டு போனோம். போற வழியிலேயே…" நிறுத்திவிட்டாள். அழகுமலை தலையைத் திருப்பிக்கொண்டார்.

யார் அந்த இரண்டாவது ஆள் என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியாதும்மா. பேரு மட்டும் தெரியும். அந்தத் தம்பி அவரு பேரைச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே கெடந்துச்சு. அத்திம்பேரு. அத்திம்பேரு, அத்திம்பேருன்னு."

அவள் அதைப் பெயர் என்று நினைத்திருக்கிறாள். பத்து வருஷமாக.

பிப்ரவரி 13

இனி அவனை அத்திம்பேர் என்று எழுதமாட்டேன்.

பிப்ரவரி 14

ஏன் கார் அனுப்பவில்லை? இரண்டு நாளாக அதே கேள்வி. அந்த மாசியில் காரைக்குடியிலிருந்து ஒரு பெரிய முதலாளி வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. வீடே அதைப் பற்றித்தான் பேசியது. வண்டி தானாக மடங்கியது என்று தெரிந்தால் அவர் பணம் போடுவாரா? திருடன் ஓட்டத் தெரியாமல் நொறுக்கினான் என்றால் வண்டிக்குப் பழுது இல்லை. அண்ணா பிழைத்து வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான்.

அதனால் கார் வரவில்லை.

அவன் கொலைகாரன். கோர்ட்டுக்குப் போனால் யார் நம்புவார்கள்? பத்து வருஷம் கழித்துக் கடலை பிடுங்குகிற ஒரு பெண் சொல்வதையா? கோர்ட் வேண்டாம். அவனே எனக்கு மேடை போட்டுத் தருகிறான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

போய், வாசிக்கிறேன் என்று சொன்னேன். "நம்ம குழந்தைன்னா நம்ம குழந்தைதான்" என்று என் தலையில் கை வைத்தான். நான் சிரித்தேன். எத்தனை நன்றாக எனக்குச் சிரிக்க வருகிறது!

அக்கா எனக்குத் தாழம்பூக் கலரில் புடவை எடுத்து வைத்திருக்கிறாள், விழாவுக்கு. அவளிடம் சொல்லலாமா? சொன்னால் தடுப்பாள். அண்ணா திருடினான் என்பதை அவள் நம்பினாளா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட அவனைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அழுவாள். அழட்டும். நான் அழுதபோது அவள் நெய்யும் பாலுமாகப் புருஷன் வீட்டில் இருந்தாள்.

மார்ச் 12, ஞாயிறு

மறுபடி கொட்டாம்பட்டி. மேடைக்கு வந்து சொல்ல முடியுமா என்று ஒச்சம்மாளைக் கேட்டேன்.

அழகுமலை ஒரேயடியாக மறுத்தார். "வேணாம்மா. பெரிய மனுசங்க சபையில எங்களை உள்ளயே விடமாட்டாக. நாளைக்கு ஒண்ணுன்னா போலீஸு எங்களைத்தேன் தேடி வரும். நீங்க பட்டணத்துல இருப்பீக."

அவர் சொன்னது நியாயம். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்கள் பயத்தைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? இப்படி ஆகிவிட்டேன்.

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒச்சம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"காரு வரும், காரு வரும்னு ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சும்மா அந்தப் புள்ள. அது எங் கண்ணவிட்டுப் போகலை. நான் வாரேன். இவரையும் கூட்டிக்கிட்டு வாரேன். என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஏப்ரல் 9, ஞாயிறு

அவன் வீட்டில் ஒத்திகை. முழுக் கதையையும் வாசித்துக் காட்டினேன். 'வேலையாள்' வந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னான். "வருத்தமா வாசிக்கணும். கோபமா இல்லே. புரியறதோன்னோ?"

புரிகிறது.

ஏப்ரல் 17, திங்கள்

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

சாயங்கால வெயில். பந்தல் நிறைய ஜனம். மேடையில் ஜமீன்தார், கம்பெனிக்குப் பணம் போட்ட அந்தக் காரைக்குடி முதலாளி, நடுவில் மாலையோடு அவன். வாசலில் அழகுமலையையும் ஒச்சம்மாளையும் காவல்காரன் மறித்திருக்கிறான். முத்திருளன் பார்த்துவிட்டு, "அவுக நம்ம ஆளுக, விடுப்பா" என்று கூட்டிவந்து ஓரமாக நிறுத்தினான். அவனிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. எதையாவது ஊகித்தானோ என்னவோ.

வாசித்தேன். வேலையாள் வந்த இடத்தில் தாளைக் கீழே வைத்தேன்.

"அந்த வேலையாளின் பெயர் ஹாலாஸ்யம். என் அண்ணா. இந்தக் கம்பெனியின் முதல் என்ஜினைச் செய்தவன். அவன் எப்படிச் செத்தான் என்று பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்" என்றேன்.

ஒச்சம்மாள் மேடையேறினாள். யாரோ, "யாரு இது? இறக்குங்கய்யா!" என்றார்கள். ஜமீன்தார் கையை உயர்த்தி, பேசட்டும் என்றார். ஒலிபெருக்கியைப் பார்த்துப் பயந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டு சொன்னாள்.

"ரெண்டு பேரு வந்தாக சாமி. ஒருத்தரு வண்டிக்கு அடியில. அவரு, பின்னால இருந்தவரைப் பாத்து, அத்திம்பேரே, அத்திம்பேரேன்னு கூப்புட்டாரு. அதுதேன் அவரு பேருன்னு நெனச்சுக்கிட்டேன்."

பந்தல் முழுக்கச் சலசலப்பு. முன்வரிசைக்கு அந்த வார்த்தை புரிந்தது. ஹாலாஸ்யத்துக்கு ஊரில் ஒரே ஓர் அத்திம்பேர்தான்.

அவன் எழுந்தான். ஓடுவான் என்று நினைத்தேன். அவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அழுதான்! நிஜக் கண்ணீர்.

"ஆமாம். நானும் கூட இருந்தேன். என் மச்சினன், என் குழந்தை, என் மடியிலேதான் உயிர் விட்டான். அத்திம்பேரே, கம்பெனியைக் கைவிட்டுடாதேங்கோன்னான். என் ஆத்துக்காரி தாங்கமாட்டாளேன்னு பத்து வருஷம் இந்த நெஞ்சிலே போட்டுப் பூட்டி வெச்சேன். அவளுக்காகத்தான் மறைச்சேன். இன்னிக்குச் சொல்றேன், அடுத்த வண்டிக்கு ஹாலாஸ்யம்னுதான் பேர்!"

ஜனம் கைதட்டியது. ஜமீன்தார் கைக்குட்டையை எடுத்தார். ஒச்சம்மாள், "இல்ல சாமி, அப்புடி இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கைதட்டலில் யாருக்குக் கேட்கும்? அண்ணாவின் சாவையும் எடுத்துத் தன் கதையில் சேர்த்துக்கொண்டான். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்! தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் அக்கா எழுந்தாள்.

அவள் கத்தவில்லை. பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குக் கிட்டே வந்தாள். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"அன்னிக்கு மத்தியானம் ஆத்துக்கு வந்து வேஷ்டியை அவுத்துப் போட்டேள். நான்தான் தோய்ச்சேன்" என்றாள்.

அவன், "பாகீரதி, நீ உக்காரு" என்றான். ஒலிபெருக்கியில் அது எல்லோருக்கும் கேட்டது.

"மடி பூரா மணல் இருந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லே. உங்க மடியிலே உயிர் விட்டவனோட ரத்தம் எங்கே போச்சு?"

அவன் வாயைத் திறந்தான். அவன் மூச்சு மட்டும் பந்தலெல்லாம் கேட்டது.

ஒச்சம்மாள் இப்போது ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே போனாள். "இந்த ஐயாதேன் பஸ்ஸு ஏறிப் போனாரு. காரு அனுப்புறேன்னாரு. அனுப்பலை."

ஜமீன்தார் தன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் பின்னால் காரைக்குடிக்காரர். அப்புறம் வரிசை வரிசையாக எல்லோரும். அவன் கழுத்து மாலையோடு அப்படியே நின்றான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏப்ரல் 18

அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டாள். முத்திருளன் இறக்கி வைத்துவிட்டு, நாளையிலிருந்து வேலைக்குப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

மே 7, ஞாயிறு

கொட்டாம்பட்டிக்குப் போலீஸ் போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அழகுமலை பயந்தது நடக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர், "இன்னும் ஒண்ணும் வரலைம்மா" என்றார். அந்த 'இன்னும்' என்னைக் குத்தியது.

அவன் கடைவீதிப் பக்கம் வருவதில்லையாம். போன வாரம் கோயில் வாசலில் சின்னப் பையன்கள் பின்னாலேயே "அத்திம்பேரே! அத்திம்பேரே!" என்று கத்திக்கொண்டு போனார்களாம். கேட்டு அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். இன்னும் கத்தட்டும். செத்த பிறகும் கத்தட்டும்.

அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூலை 2

அக்கா தானாகவே சொன்னாள்: "அந்த மணல் எங்கேயிருந்துன்னு அன்னிக்கே கேக்கணும்னு தோணித்துடி. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயமா இருந்தது."

நான் மன்னிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சீமையில் யுத்தம் மூண்டுவிட்டது. பெட்ரோல் கிடைக்காது என்கிறார்கள்.

வேங்கை கம்பெனியை முழுக்கக் காரைக்குடிக்காரரே எடுத்துக்கொண்டார். பெயர்ப்பலகையில் கைலாசநாதன் பெயரைச் சுரண்டிவிட்டார்கள். பேப்பரில் புது விளம்பரம் வந்திருக்கிறது. காரைக்குடி முதலாளியின் தீர்க்கதரிசனத்தால் பிறந்ததாம் வேங்கை. அண்ணா அதிலும் இல்லை.

பத்து மணிக்கு அவன் வந்தான். நடந்து. சவரம் செய்யாத முகம், அழுக்கு வேஷ்டி. காசிக்குப் போகிறானாம், அக்காவைப் பார்க்க வேண்டுமாம். நிலைப்படியிலேயே நின்றான். வா என்று நான் சொல்லவில்லை. நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா காதில் எல்லாம் விழுந்தது. அவள் வரவில்லை. வெயில் ஏற ஏற நின்றுவிட்டுப் போனான்.

அவன் போனதும் உள்ளே வந்தேன். அக்கா முறத்தில் கீரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தண்டுகூட ஆய்ந்திருக்கவில்லை.

"உனக்கு இப்போ திருப்தியாடி?"

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணுமே இல்லே. காலியா இருக்கு" என்றாள்.

எதிரே உட்கார்ந்து பாதிக் கீரையை என் பக்கம் தள்ளிக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னேன். "எனக்கென்ன வரும்?" என்றாள். ஒரு தண்டை ஆய்ந்து போட்டுவிட்டு, "ஹெட்மிஸ்ட்ரஸ் கோபக்காரியா?" என்று கேட்டாள்.

நாளைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன்.