முதல் குரூப்

குமாரபாளையம்,
விஷு வருடம், ஐப்பசி 19.

அன்பு மகன் கந்தவேலுக்கு அப்பா மருதாசலம் எழுதிக்கொண்டது. சங்கமேசுவரர் கிருபையால் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆடிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உன் கோபம் நியாயந்தான். ஆனால் நீ நினைக்கிற காரணம் தப்பு.

திருச்சியில் காலேஜில் சேர்த்த அன்றைக்கு நீ ஹாஸ்டல் அறைக்காக வரிசையில் நின்றாய். நான் ஆபீசில் தனியாக நின்றேன். முதல் குரூப்பா, இரண்டாம் குரூப்பா என்று குமாஸ்தா கேட்டார். முப்பது வருஷமாகச் சேலை நெய்கிறவன் நான். முதலாளி மடிப்பைப் பிரித்துப் பார்த்து இரண்டாந்தரம் என்று ஒதுக்கினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. என் பிள்ளைக்கு எதற்கு இரண்டாவது என்று நெஞ்சை நிமிர்த்தி, முதல் குரூப்பே போடுங்க சாமி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். முதலாவது கணக்கு, இரண்டாவதுதான் டாக்டருக்குப் போகிற வழி என்று இந்த மடையனுக்குத் தெரியவில்லை.

கணக்கு வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்று ஆடியில் உன் கடிதம் வந்ததும் நம் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டேன். போன இரண்டு கோடை லீவிலும் உன்னைப் பக்கத்தில் வைத்து, பாட்டில் கழுவுவதிலிருந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவது வரை பழக்கியவர் அவர். ரத்தத்தைப் பார்த்துக் கை நடுங்காத பையனுங்க, அவனைக் கொண்டுபோய்க் கணக்கில தள்ளிட்டீங்களே என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்கத்தான், பிணம் அறுக்கிற படிப்பு நம் குடும்பத்துக்கு ஆகாது என்று உனக்கு எழுதினேன். அது பொய்.

டாக்டர் போன மாதம் யுத்தத்துக்கென்று பட்டாளத்துக்குப் போய்விட்டார். போகும் முன் உனக்காக எழுதிக் கொடுத்த சிபாரிசுச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். வருகிற ஆனியில் அதைப் பிரின்ஸிபாலிடம் காட்டி இரண்டாம் குரூப்பில் முதலிலிருந்து சேர்ந்துகொள். ஒரு வருஷம் போனால் போகட்டும்.

இன்னொன்று. ஆவணியிலிருந்து அம்மாவுக்கு இருமல். சளியில் ரத்தம் வருகிறது. டாக்டர் ஊரை விட்டுப் போகுமுன் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, பொங்கல் தாண்டுவது கஷ்டம் என்று சொன்னார். கம்பவுண்டர் தரும் மருந்தை அவள் தொடுவதில்லை. எம்மவன் டாக்டருக்குப் படிக்கறான், அவன் சொல்லாம எதையுங் குடிக்க மாட்டனுங்க என்கிறாள். குரூப் மாறிய கதையை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

அவள் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. பக்கத்து வீட்டு வசந்தாமணி படித்துக் காட்டுவாள். சிவப்பு மருந்தை மூன்று வேளையும் குடிக்கச் சொல். குணமாகாது, இருமல் தணிந்து கொஞ்சம் தூங்குவாள். வைத்திய வகுப்பைப் பற்றி நாலு வரி சேர்த்துக்கொள். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பொய் சொன்னால் உன்னை அடித்து வளர்த்தவன்தான் இதைக் கேட்கிறேன், சாமி.

கடிதம் முன்னால் வரட்டும், பின்னாலேயே நீயும் வந்துவிடு. கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வாள். பார். நன்றாக இருக்கிறது என்று சொல்.

அப்போதும் உன் கை நடுங்காதிருக்கச் சங்கமேசுவரர் அருள் செய்யட்டும்.

உன் அப்பா,
மருதாசலம்.