திரையில் தெரிந்த தூரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் சுகம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று நம் ஊரிலிருந்து வந்திறங்கிய விமானத்தைச் சுத்தம் செய்தோம். இருக்கைத் திரையில் அங்கிருந்து இங்கே ஒரு கோடு. ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டராம். கால் கடுத்தது, சற்று அந்த இருக்கையிலேயே உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். மேற்பார்வை பார்க்கும் அக்கா தட்டி எழுப்பினார்.

"எங்கேம்மா கெளம்பிட்ட?"

"வீட்டுக்குக்கா." தூக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

திட்டுவார் என்று பார்த்தால், என் கையிலிருந்த துணியை வாங்கி, மிச்ச வரிசையை அவரே துடைத்தார்.

இனி போனில் பேச ஒன்றுமில்லை என்றால் வைத்துவிடாதீர்கள். அடுப்படியில் போனை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் சின்னவள்