வளையல் கை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய், நானும் உளறிவிடுவேன். அதனால்தான் கடிதம். அம்மா தூங்கும்போது தனியாக உட்கார்ந்து படி.

பஸ் ஓட்டாத சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன் அல்லவா? நம் ஊர்ப் பக்கமிருந்து இங்கே பிழைக்க வந்தவர்களின் வீடுகளில் கிடக்கும் பழைய படங்களை ஸ்கேன் செய்து, யார், என்ன வேலை பார்த்தார் என்று குறித்து இணையத்தில் ஏற்றுகிறோம். வேறு வேலை இல்லையா என்று நீகூடத் திட்டினாய். அலமாரித் தாளுக்கு அடியில் அம்மா போட்டு வைத்திருந்த அப்பாவின் படத்தை உன்னிடம் கேட்டு வாங்கியது இதற்காகத்தான்.

இதே ஊருக்குப் பிழைக்க வந்த புதிதில் அப்பா எடுத்து அனுப்பிய படம். கோட்டு போட்டு நிற்பார். ஓரத்தில் நாற்காலியின் கைப்பிடி, அதன்மேல் வளையல் போட்ட ஒரு கை. மீதி இருக்காது. போன இடத்தில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று அம்மா முடிவு கட்டியது அந்தக் கையைப் பார்த்துத்தானே? அதன் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் பிரிக்காமலே அடுப்புக்குள் போயின. ஏழு வருஷம் கழித்துச் சாவுச் செய்தி வந்தபோதும் அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

போன சனிக்கிழமை, ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் தன் தாயாரின் படத்தைக் கொண்டுவந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயாரின் ஒரு கை, படத்தின் ஓரத்தில் மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருந்தது. நம் படத்தில் இருக்கும் கை சட்டென்று நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தேன். தரைவிரிப்பின் பூகூடப் பிசகாமல் பொருந்தியது, அக்கா!

அப்பாவைக் காட்டி, கூட நிற்பவர் யார் என்று நர்ஸம்மாவைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும், தம்பி? ஸ்டுடியோவுல அன்னைக்கு வரிசையில நின்னவரு. ரெண்டு பேரா நின்னு ஒரு படம் எடுத்து, நடுவுல வெட்டிக்கிட்டா செலவு பாதி. அப்போ எல்லாரும் அப்படித்தான்" என்றார். அவர் படத்தின் பின்பக்கம் 'தனித்தனி ஆட்கள், நடுவில் வெட்டவும்' என்று ஸ்டுடியோக்காரன் எழுதியதும் இருக்கிறது. பாவி, கோணலாக வெட்டித் தொலைத்திருக்கிறான். கை எங்கே, பக்கத்தில் யார் என்று ஊரில் இருந்த நர்ஸம்மாவின் அப்பா மனைவியிடம் சண்டை போட்டுக் கடிதம் எழுதினாராம். தாயார் நடந்ததைப் பதிலில் எழுதினாராம். அதோடு சரி.

நம் அப்பா, என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? வந்து பதினெட்டு வருஷமாகியும் நேற்றுதான் முதல் தடவையாக அவர் கல்லறைக்குப் போனேன். அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒட்டிய முழுப் படத்தையும் சம்மதப் படிவத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். படிவத்தில் படத்தில் இருப்பவர் என்ன 'உறவு' என்ற இடத்தை நிரப்பவில்லை. அதை அம்மாதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் படத்தை ஏற்ற மாட்டேன்.

உனக்கு வாய் கொஞ்சம் நீளம். தயவுசெய்து அவளைக் குத்திக் காட்டிவிடாதே. படத்தைக் கையில் கொடுத்து, நர்ஸம்மா சொன்னதை மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இரு. அழுதால் தடுக்காதே. நாற்பது வருஷம் கழித்தாவது அவருக்காக ஒருமுறை அழட்டும்.

உன் தம்பி